பெருநகரில் பழைய வாட்களைக் காணுதல்: கொழும்பும் அதற்கு அப்பாலும்

இவ்வத்தியாயம் கீரியிலும் மன்னார்த் தீவின் ஏனைய கரையோர ஊர்களிலும் வாழ்ந்துகொண்டு, படிப்பு, வைத்தியம், உறவினர் வீட்டு விசேடம் முதலிய காரியங்களுக்காகப் பெருநகரொன்றுக்குச் செல்லும்போது, அங்கே ஒரு நாளையோ அரை நாளையோ பழைய வாட்களைப் பார்ப்பதற்கென ஒதுக்க விரும்புவோருக்கு உரியது. வாள் என்றதும் இன்று இளைஞர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய வாளே; திரைப்படங்களும் சித்திரக்கதைகளும் அதற்குத் தேடிக்கொடுத்த புகழ் அத்தகையது. ஆயினும் நல்ல வாள் ஒன்றைக் காண்பதற்குத் தோக்கியோப் பயணம் வாய்க்கும் வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. உலகின் நுண்மையான வாள் மரபுகளுள் ஒன்று கொழும்பிலேயே காட்சிக்கு உள்ளது. அங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டவருக்கே பின்னர் சென்னையிலோ இலண்டனிலோ தோக்கியோவிலோ கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வாளும் தன் நுட்பத்தைத் திறந்து காட்டும்.

முதலில் சில உறுப்புப் பெயர்களை அறிந்துகொள்ளல் நன்று. வெட்டும் உலோகப் பகுதி அலகு எனப்படும்; அதன் கூரிய ஓரம் வாய், கூரற்ற பின்புறம் முதுகு. கையால் பற்றும் பகுதி பிடி. பிடியின் உச்சியிலுள்ள திரட்சி குமிழ். எதிரியின் அலகு வழுக்கிவந்து விரல்களை வெட்டாதவாறு பிடிக்கும் அலகுக்கும் இடையே குறுக்காகவும் விரல்களுக்கு முன்னால் வளைவாகவும் அமைக்கப்படுவது கைக்காப்பு. பிடிக்குள் மறைந்து அதனை அலகோடு பிணைக்கும் உலோக நீட்சியை இவ்வத்தியாயம் முளை என்று குறிக்கின்றது. ஒவ்வொரு நாட்டு மரபும் இவற்றுள் ஏதோ ஒன்றிலேயே தன் முழுத் திறனையும் செலுத்தியிருக்கின்றது என்பது ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு விரைவில் புலனாகும். இலங்கை வாளுக்கு அது பிடி. தென்னிந்திய ஆயுதங்கள் பலவற்றுக்குக் கையைக் காக்கும் அமைப்பு. ஜப்பானிய வாளுக்கு அலகு. எந்த நகரில் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கின்றது.

புறப்படும் முன்

கீரியிலிருந்து மன்னார் நகரம் மிக அண்மையிலேயே உள்ளது. நகருக்கு வந்தவர், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தின் அருகிலுள்ள கோட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வது பொருத்தமானது. 1560 இல் போர்த்துக்கேயர் அமைத்து, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டிய அக்கோட்டையில் வாட்காட்சி எதுவும் இல்லை. ஆனால் கொழும்பில் காணவிருக்கும் வாட்கள் எந்தக் காலத்து அரசியலுக்கு உரியவையோ அந்தக் காலத்தின் கல்லும் சுண்ணாம்பும் அங்கே கைக்கெட்டும் தொலைவில் நிற்கின்றன. கண்டி அரசர்கள் மலைநாட்டிலிருந்து எதிர்த்து நின்றது இத்தகைய கரையோரக் கோட்டைகளை வைத்திருந்தவர்களையே.

மன்னாரிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பஸ்கள் மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் புறக்கோட்டையை அடைகின்றன. தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும் வேளையில் இறங்கி, முகம் கழுவி, காலை உணவு முடித்து, நூதனசாலை திறக்கும் நேரத்துக்குச் சென்றுவிடலாம். தலைமன்னார்ப் பாதையில் புகையிரதம் ஓடும் காலங்களில் அதுவே சொகுசானது. எனினும் பாதைத் திருத்த வேலைகளாலும் வெள்ளத்தாலும் அச்சேவை இடைக்கிடை நிறுத்தப்படுவதுண்டாதலால், மன்னார் நிலையத்தில் விசாரித்த பின்னரே நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். புறக்கோட்டையிலிருந்து நூதனசாலைப் பக்கம் செல்வதற்கு 138 ஆம் இலக்க பஸ் வசதியானது. விகாரமகாதேவிப் பூங்காவை அண்டி இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். பொதுவிடுமுறை நாட்களிலும் போயா தினங்களிலும் அரச நிறுவனங்களின் நேர ஒழுங்கு மாறுபடுமாதலால், முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது, இரவு முழுவதும் பயணம் செய்து வருவோருக்குக் கட்டாயம் என்றே கூற வேண்டும்.

கொழும்பு தேசிய நூதனசாலை

கறுவாத்தோட்டத்தில், சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் அமைந்துள்ள வெண்ணிற மாளிகையே கொழும்பு தேசிய நூதனசாலையாகும். ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் உருவாகி 1877 ஜனவரி 1 இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தை வரைந்தவர் ஜே. ஜி. சிமிதர்; கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்னும் ஒப்பந்தகாரர். இத்தாலியப் பாணியிலமைந்த முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், கீழ்த்தளக் கூடங்கள் அனுராதபுரக் காலம், பொலன்னறுவைக் காலம், இடைமாறு காலம், கண்டிக் காலம் என்ற வரிசையில் தொடர்கின்றன. வாட்களுக்காக வந்தவர் தொடக்கக் கூடங்களில் நேரத்தைச் செலவிட்டுவிட்டுக் களைத்துப்போய்க் கண்டிக் கூடத்தை அடைவது வழக்கமாக நிகழும் தவறு. நேரே கண்டிக் கூடத்துக்குச் சென்று, அங்கே மனம் நிறையப் பார்த்த பின்னர் ஏனைய கூடங்களுக்குத் திரும்புவதே சிறந்தது.

கண்டிக் கூடத்தில் முதலில் தேட வேண்டியது கஸ்தானே எனப்படும் வாளாகும். இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் தன் வலது முன்காலில் ஏந்தியிருப்பது இவ்வாளே என்பதால், பாடசாலைப் பருவம் முதல் ஒவ்வொருவரும் அதன் உருவத்தை அறியாமலே அறிந்திருக்கின்றனர். கஸ்தானே குட்டையானது, ஒரு வாய் உடையது, சற்றே வளைந்தது. அதன் பெருமையெல்லாம் பிடியிலேயே தங்கியிருக்கின்றது. குமிழ் வாய் பிளந்த சிங்கத் தலையாக வடிக்கப்பட்டிருக்கும். கைக்காப்பின் குறுக்குக் கரங்களும் விரல்களுக்கு முன்னே வளைந்து செல்லும் வில்லும் முடியும் இடங்களிலெல்லாம் மகரம் போன்ற கற்பனை விலங்குகளின் சிறுதலைகள் வெளிப்பட்டு நிற்கும். இத்தலைகளுக்கு இடைப்பட்ட பரப்பு, சிங்களக் கலைஞர் லியவெல என்று வழங்கும் கொடிச் சித்திரத்தால், அதாவது நுனி சுருண்டு சுருண்டு கிளைவிடும் இலைக்கொடி வேலைப்பாட்டால், நிரப்பப்பட்டிருக்கும். வெள்ளி, பித்தளை, கொம்பு, யானைத் தந்தம் ஆகியவற்றில் செய்த பிடிகள் உள்ளன. உயர்பதவியாளருக்கு உரியவற்றில் பொற்தகடும் மணிக்கற்களும் சேரும். சிங்கத்தின் கண்ணையும் நாக்கையும் பற்களையும் ஒவ்வொரு வாளிலும் தனித்தனியே நோக்கினால், ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு கைவினைஞர் எவ்வளவு வேறுபட்ட முகபாவங்களை வரவழைத்திருக்கின்றனர் என்பது தெரியவரும். இதற்காகச் சிறிய கைவிளக்கொன்றைக் கொண்டுசெல்வோரும் உண்டு. ஆனால் அதனை ஏற்றுவதற்கும் படம் பிடிப்பதற்கும் முன்னர் காவலரிடம் அனுமதி கேட்பது முறை.

பிடியை ஆழ்ந்து நோக்கிய பின்னர் அலகைப் பார்த்தால் வேறோர் உண்மை வெளிப்படும். எஞ்சியுள்ள கஸ்தானேக்கள் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடிக்கப்பட்டது. சிலவற்றில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னிய எழுத்துச் சின்னமே பொறிக்கப்பட்டிருக்கும். கடல்வழி வந்த அந்நிய அலகுக்கு உள்நாட்டுக் கலைஞர் பிடி அமைத்தனர் என்பதை வைத்து அவ்வாளின் மதிப்பைக் குறைத்துக் கொள்வது தவறு. கண்டி அரசவையில் கஸ்தானே களத்தில் வெட்டும் கருவியாக இருந்ததைவிடத் தரிப்பவரின் தகுதியைக் காட்டும் சின்னமாகவே பெரிதும் விளங்கியது. அரசன் ஒருவருக்கு அதனை அளிப்பது பதவி அளிப்பதற்கு ஒப்பான செயல். ஆங்கிலேயர் ஆட்சியிலும் முதலியார்கள் தமது உத்தியோக உடையோடு இவ்வாளை அணிந்து வந்தமை அம்மரபின் தொடர்ச்சியாகும். எனவே அதில் அலகைவிடப் பிடியே பேசுகின்றது.

இப்பிடிகளைச் செய்தவர்கள் யார் என்பதற்குப் பதில் தருபவர் ஆனந்த குமாரசாமி. யாழ்ப்பாணத் தமிழ்ப் பெருமகன் சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டி அரசனின் நான்கு பட்டறைகளைப் பற்றி எழுதியுள்ளார். சிங்காசனம், முடி, அணிகலன், பொன்வாள் ஆகியவற்றின் பெயரால் வழங்கிய அப்பட்டறைகளில் தலைசிறந்த கைவினைக் குடும்பங்கள் பரம்பரை உரிமையோடு பணியாற்றின. வாளுக்கென அரசவையில் தனிப் பட்டறைப் பெயரே இருந்தது என்னும் செய்தியை மனத்தில் கொண்டு பேழையைப் பார்க்கும்போது அதன் முன்னே நிற்கும் நேரம் தானாகவே நீளும். நூதனசாலைக்கு அண்மையிலுள்ள வீதி இன்று அப்பேரறிஞரின் பெயரையே தாங்கியிருக்கின்றது.

கண்டிக் கூடத்தின் மற்றொரு சிறப்பு, வெளிநாடு சென்று திரும்பிய பொருட்களாகும். கண்டியின் சிங்காசனம் 1693 இல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அன்பளிப்பு. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபோது அது இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, வின்ட்சர் அரண்மனையில் வைக்கப்பட்டிருந்து, 1934 இல் குளோஸ்டர் கோமகன் கொழும்புக்கு வந்தபோது முடியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அச்சிங்காசனத்தில் கடைசியாக அமர்ந்தவன் மதுரை நாயக்கர் மரபில் வந்த, கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டு 1832 இல் அங்கேயே மறைந்தான். அரசன் திரும்பவில்லை, அரசச் சின்னங்கள் திரும்பின.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே நிகழ்ந்த இன்னொரு கொள்ளையின் பொருட்கள் அண்மைக்காலத்திலேயே நாடு திரும்பியுள்ளன. வாட்களை நாடிச் செல்வோர் தவறவிடக்கூடாதவை இவையே. 1765 இல் ஆளுநர் லுபெர்ட் யான் வான் எக் தலைமையில் கண்டிக்குள் நுழைந்த ஒல்லாந்தக் கம்பனிப் படை, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் அரண்மனையைச் சூறையாடியது. அப்போது எடுத்துச் செல்லப்பட்ட ஆறு பொருட்கள் ஒல்லாந்து சேர்ந்து, நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரெய்க்ஸ் மியூசியத்தில் இருந்தன. பொன்வேலைப்பாட்டுக் கஸ்தானே ஒன்று, வெள்ளிக் கஸ்தானே ஒன்று, சிங்களக் கத்தி ஒன்று, மதிலில் தாங்கிச் சுடும் பெருந்துவக்குகள் இரண்டு, லெவ்கே திசாவை அரசனுக்குக் கொடுத்த அலங்காரப் பீரங்கி ஒன்று என்பன அவை. அவற்றின் வரலாற்றை இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்த பின்னர், 2023 இல் நெதர்லாந்து அரசு அவற்றைத் திருப்பித் தரத் தீர்மானித்தது; அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பு தேசிய நூதனசாலையில் கையளிக்கப்பட்டன. வெண்கலக் குழாயின் மேல் பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் பதித்த பீரங்கி பார்வையாளரின் கண்ணை முதலில் கவர்ந்துவிடும். ஆனால் அதைச் சூழும் கூட்டத்தைவிட்டு விலகி, இரு கஸ்தானேக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதே அறிவுடைமை. ஏனைய கஸ்தானேக்களில் பொதுவாக அறியப்பட்ட பதவிச்சின்னம் அரசனின் சொந்தக் களஞ்சியத்தில் எந்த அளவு செழுமை பெற்றிருந்தது என்பதை அவ்விரண்டும் காட்டுகின்றன. ஒரு மரபின் உச்சத்தைக் காண அதன் சொந்த நாட்டினர் ஆம்ஸ்டர்டாம் வரை போக வேண்டியிருந்த நிலை இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

வாட்களை முடித்தவர், அதே நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டையும் கண்டுகொள்ள வேண்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியதும் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டதுமான அக்கல்லின் தமிழ்ப் பகுதி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடல்வழி வாணிகத்தில் தமிழுக்கிருந்த இடத்துக்குச் சான்றாகும். இது வாளோடு தொடர்பற்றது. எனினும் மன்னாரிலிருந்து இத்தனை தூரம் வந்த ஒருவர் அதைப் பார்க்காமல் திரும்புவது வீண்.

இலங்கை உருக்கு

ஐரோப்பிய அலகுகளைக் கண்டவர், இந்நாட்டில் நல்ல உருக்கு இருந்ததில்லை என்று எண்ணிவிடலாகாது. உருக்கு என்பது இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்து இறுகிய உலோகம். கரி குறைந்தால் அலகு மழுங்கும், மிகுந்தால் முறியும். சமனலவாவிப் பகுதியின் மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்று நேரே முகத்தில் மோதும் வண்ணம் அமைக்கப்பட்ட பழைய இரும்புலைகளைக் கண்டறிந்த தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப், அத்தகைய உலையொன்றை மீளக் கட்டி இயக்கி, துருத்தியின்றிக் காற்றின் விசையாலேயே தரமான உருக்கு விளைந்ததை 1996 இல் உலகுக்கு அறிவித்தார். சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்க் கரையில் நிற்க முடியாமல் தவிப்போருக்கு, அதே காற்று மலைநாட்டில் உலை ஊதியது என்பது நம்பத்தக்க செய்தியே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, வாட்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீப் என்று அராபியர் அழைத்த இலங்கையின் உருக்குக்கும் தனியிடம் கொடுத்திருக்கின்றார். மண்மூசையில் இரும்பையும் மரத்துண்டையும் இட்டு மூடிக் காய்ச்சும் மூசை உருக்கு முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மலைநாட்டு முதியோர் சிலரின் நினைவில் இருந்தது. கனிப்பொருள் அளவாய்வுப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசாமியே அதனைச் செய்யக் கண்டு பதிவு செய்தவர்.

இன்னொரு நாள் கையில் இருப்பவர்கள் கண்டிக்குச் சென்று, தலதா மாளிகையின் அருகே பழைய அந்தப்புர மாளிகையில் அமைந்துள்ள கண்டி தேசிய நூதனசாலையையும் பார்க்கலாம். எசல பெரஹராவின் நிறைவில் மகாவலி கங்கையின் கெட்டம்பைத் துறையில் தேவாலயக் கப்புராளைமார் வாளால் நீரை வெட்டும் சடங்கு நிகழ்கின்றது. பேழைக்குள் இல்லாமல், வழிபாட்டில் இன்றும் இயங்கும் வாளைக் காண அதுவே இடம்.

சென்னை

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீராவிக் கப்பல் ஓடிய காலத்தில், அதாவது 1914 முதல் 1964 ஆம் ஆண்டுப் புயல் வரை, மன்னார்த் தீவினருக்குச் சென்னை கொழும்பைப் போலவே எட்டக்கூடிய நகரமாக இருந்தது. இன்று கட்டுநாயக்காவிலிருந்தோ பலாலியிலிருந்தோ விமானத்தில் செல்ல வேண்டும். எழும்பூர்ப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில், பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் 1851 இல் நிறுவப்பட்டது. அதன் படைக்கலத் தொகுதியின் உயிர்நாடி தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கருவிகளாகும். 1855 இல் தஞ்சை மராத்திய அரசு முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர், 1863 அளவில் அவ்வாயுதசாலை கலைக்கப்பட்டது. தெரிந்தெடுத்த சில நூதனசாலைகளுக்கு அனுப்பப்பட, எஞ்சிய பெருந்தொகை பழைய இரும்பாக உடைத்தெறியப்பட்டது. அழிந்தவற்றின் அளவை எண்ணும்போது, எழும்பூரில் எஞ்சியிருப்பவை ஒவ்வொன்றும் அருமருந்தாகவே தோன்றும்.

இங்கே கண் தேட வேண்டியது கையைக் காக்கும் அமைப்பு. கட்டாரி என்னும் குத்துக்கருவியில் பிடி அலகுக்கு நேர்கோட்டில் இராது. இரண்டு பக்கச் சட்டங்களுக்கிடையே குறுக்காக நிற்கும். முட்டியை மடக்கி அதனைப் பற்றினால், குத்தும் விசை முழங்கையிலிருந்து நேரே அலகுக்குப் பாய்கின்றது. தஞ்சைக் கட்டாரிகள் சிலவற்றில் புறங்கையை மூடும் கவசத் தகடு, படமெடுத்த நாகமாகவோ யாளியாகவோ துளைவேலைப்பாட்டில் விரிந்திருக்கும். பட்டா எனப்படும் நீண்ட வாளில் கவசம் முழங்கை வரை நீண்டு, கை முழுவதுமே வாளின் பிடியாக மாறிவிடுகின்றது. யானைப்பாகரின் அங்குசங்களையும், மறவர் நாட்டில் எறிகருவியாகப் பயன்பட்ட வளரியையும் அங்கேயே காணலாம். நேரம் இருப்பவர் புனித ஜார்ஜ் கோட்டையில் 1948 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கும் சென்று, கம்பனிப் படையினரின் வாட்களைத் தஞ்சை வாட்களோடு ஒப்பிடலாம். அங்கே பார்க்க வேண்டியது அவ்வளவே.

ஜப்பானிய வாளின் முன்னே

ஜப்பானிய வாளைக் காட்சிக்கு வைக்கும் முறை கொழும்பிலோ சென்னையிலோ காணும் முறைக்கு நேர்மாறானது. பிடியும் கைக்காப்பும் உறையும் கழற்றப்பட்டு, அலகு மட்டும் வெறுமையாகத் துணிமேல் கிடத்தப்பட்டிருக்கும். முளையும் அதில் கொல்லர் வெட்டிய பெயரும் வெளியே தெரியும். அலங்காரத்தை எதிர்பார்த்து வருவோர் இவ்விடத்தில் ஏமாற்றமடைந்து இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகின்றனர். ஆனால் அங்கே காட்சிப்பொருள் உருக்கேயாகும். ஆற்று இருப்பு மணலைத் தத்தாரா என்னும் களிமண் உலையில் கரியோடு பல நாள் இரவு பகலாக எரித்துப் பெறும் தமஹகானே என்ற உருக்கைக் கொல்லர் மீண்டும் மீண்டும் மடித்து அடிப்பதால், அலகின் மேற்பரப்பில் மரவைரம் போன்ற நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. பின்னர் அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் பூசிப் பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துகின்றனர். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டெனக் குளிர்ந்து கடினமாக, தடித்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத தன்மையைப் பெறுகின்றது. இவ்விரு தன்மைகளும் சந்திக்கும் எல்லையில் தோன்றும் வெண்மூட்டமான கோடு ஹமோன் எனப்படும். அலை போலவும் நேர்கோடாகவும் பூவிதழ் போலவும் அமையும் அக்கோட்டைக் கொண்டு, எந்தப் பள்ளியைச் சேர்ந்த கொல்லர் அதனை வடித்தார் என்பதைத் தேர்ந்தவர் கூறிவிடுவர். பேழையின் நேரெதிரே நிமிர்ந்து நின்றால் ஹமோன் தெரியாது. முழங்காலைச் சிறிது மடித்து, விளக்கின் ஒளி அலகில் வழுக்கி ஓடும் கோணத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

மேலும் ஓர் அடையாளம் பயனுள்ளது. வாய் கீழ்நோக்கி வைக்கப்பட்டிருந்தால் அது தாச்சி எனப்படும் பழைய குதிரைவீரர் வாள். வாய் மேல்நோக்கி இருந்தால் பிற்காலத்தில் இடைக்கச்சையில் செருகப்பட்ட கத்தானா. தரிக்கப்பட்ட முறையே காட்சியிலும் பின்பற்றப்படுகின்றது.

தோக்கியோவுக்குப் போகும் வாய்ப்புடையோர் உவேனோப் பூங்காவிலுள்ள தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு முதலில் செல்லவேண்டும். புகழ்பெற்ற ஐந்து வாட்களுள் அடங்கும் யசுத்சுனாவின் வாளும் முனெச்சிக்காவின் வாளும் அதன் உடைமைகள். எனினும் வாட்கள் முறை வைத்து மாற்றிக் காட்டப்படுவதால், குறிப்பிட்ட ஒன்றை நாடுவோர் அருங்காட்சியகத்தின் காட்சி அட்டவணையைப் பார்த்தே நாளைத் தெரிவுசெய்ய வேண்டும். ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷம் என அறிவித்த பொருட்களில் நூற்றுக்கு மேற்பட்டவை வாட்கள் என்பதிலிருந்து அந்நாடு இக்கலையை எவ்வளவு மதிக்கின்றது என்பது விளங்கும். ரியோகொகுப் பகுதியில், பழைய பூங்காவொன்றின் ஓரத்தில் 2018 முதல் இயங்கும் ஜப்பானிய வாள் அருங்காட்சியகம் சிறியது. ஆனால் வாளுக்கென்றே ஒளியமைக்கப்பட்டது. ஒரே நாளில் ஒன்றை மட்டும் பார்க்க முடியுமாயின் தொடக்கநிலையினருக்கு அதுவே பரிந்துரைக்கத்தக்கது.

மன்னார்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் உள்ள இலண்டனில் வாய்ப்பு இன்னும் எளிது. பிரித்தானிய அருங்காட்சியகம், விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய இரண்டிலும் ஜப்பானியக் கூடங்கள் உள்ளன. நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1944 இல் பேராதனைக்குத் தன் தலைமையகத்தை மாற்றிய நேசப்படைத் தளபதி மவுன்ட்பேட்டனிடம், 1945 நவம்பரில் சைகோனில் ஜப்பானியத் தளபதி தெராவுச்சி ஒப்படைத்த வாட்களுள் ஒன்று, கண்டிச் சிங்காசனம் ஒருகாலத்தில் இருந்த அதே வின்ட்சர் அரண்மனைக்குச் சென்றது. அரண்மனைக் கட்டணம் அதிகம். அவ்வொரு வாளுக்காக மட்டும் அங்கே செல்வதைப் பரிந்துரைக்க முடியாது.

வாங்குதலும் கொண்டுவருதலும்

வாட்களைப் பார்த்தவருக்கு ஒன்றை வீட்டில் வைத்திருக்கும் ஆசை எழுவது இயல்பு. பழைய கஸ்தானே என்று கூறி விற்கப்படுபவற்றை வாங்குவதற்கு முன்னர், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி தொல்பொருட்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லல் குற்றம் என்பதை வெளிநாட்டு உறவினருக்கு எடுத்துரைக்க வேண்டும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருட்களின் ஏற்றுமதியைத் தனியாருக்குத் தடைசெய்கின்றது. ஜப்பானில் உண்மையான வாள் ஒவ்வொன்றுக்கும் பதிவுப் பத்திரம் உண்டு. நாட்டைவிட்டு வெளியேற்றப் பண்பாட்டு அலுவல்கள் முகவரகத்தின் சான்றிதழ் தேவை. நினைவுப்பொருட் கடைகளில் கிடைக்கும் மழுங்கிய அலங்கார வாளும் விமானத்தின் பயணிகள் பகுதிக்குள் அனுமதிக்கப்படாது. பெரிய பெட்டிக்குள் இட்டு, சுங்கத்தில் அறிவித்தே கொண்டுவர வேண்டும். இத்தனை தொல்லைக்கும் மாற்று, நூதனசாலைகளின் விற்பனைப் பிரிவில் நல்ல ஒளிப்படங்கள் அடங்கிய நூலொன்றை வாங்கிக்கொள்வதேயாகும்.

செந்தாய்

தோக்கியோவில் இரண்டு நாளுக்கு மேல் தங்குவோர் ஒரு நாளைச் செந்தாய் நகருக்கு ஒதுக்குவது நன்று. அதிவேகப் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் அங்கே சென்றுவிடலாம். அந்நாட்டுப் பிரபு தாத்தே மசமுனே, ஹசெகுரா சுனெனாகா என்னும் வீரரை 1613 இல் தூதராக மெக்சிக்கோவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பினார். ஹசெகுரா உரோமாபுரியில் பாப்பரசரைச் சந்தித்து, பிலிப்பைன்ஸ் வழியாக 1620 இல் நாடு திரும்பினார். அவர் கொண்டுவந்து தம் தலைவருக்குக் கொடுத்த பொருட்கள் இன்று செந்தாய் நகர அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷங்களாகக் காக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டு குறுவாட்கள் உள்ளன. ஒன்று மலாய் உலகின் கிரிஸ்; மற்றது சிங்கத்தலைப் பிடியுடைய இலங்கைக் கஸ்தானே. காலம் உறுதியாக அறியப்பட்ட மிகப் பழைய கஸ்தானேக்களுள் அது ஒன்றாதலால், கொழும்பில் கண்ட பிற்காலப் பிடிகளின் ஒளிப்படங்களைக் கையோடு கொண்டுசென்று, சிங்கத்தின் வாயமைப்பையும் கைக்காப்பின் சிறுதலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். மூலப்பொருள் ஆண்டு முழுவதும் காட்சியில் இருப்பதில்லை. அது வைக்கப்படும் பருவத்தை அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்கேற்பப் பயணச்சீட்டைப் பதிவுசெய்துகொள்ளல் வேண்டும்.